பதினோராம் வார்டின் ஒரே மறுப்பு

என் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். டெல்வோரா கம்பெனியின் விளம்பரத்தில் நீலச் சேலை கட்டிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேனே, அது நான்தான். கீழே 'ஒரு குரலையும் நாங்கள் தவறவிடுவதில்லை' என்று எழுதியிருக்கும். அந்தச் சேலை என்னுடையது இல்லை. சிரிப்பும் அவர்கள் சொல்லிச் சிரித்ததுதான். மற்றதை நானே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் இருந்ததால்தான் இவ்வளவும் வந்தது.

பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் சங்குமணல் நகராட்சியில், பதினோராம் வார்டு இ-சேவை மையம் என்னுடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கைரேகைக் கருவி, வெளியே நாலு பிளாஸ்டிக் நாற்காலி. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எது வேண்டுமானாலும் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும். விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்டால், "உன் நம்பரையே போட்டுரு ஜெசி" என்பார்கள். இப்படி என் எண் வார்டில் பாதிப் பேருக்குச் சொந்தமாகிவிட்டது. யாருக்கோ சிலிண்டர் வருகிறது என்று எனக்குத் தகவல் வரும். ஜன்னல் வழியே தெருவுக்குக் கத்திச் சொல்வேன். மீதிப் பாதிக்கு ஓடிபி வந்தால் தெருவில் நின்றே உரக்க வாசிப்பார்கள். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முகம் சுருங்கிவிடும். "ஏன், உன்ன நம்பாம நான் யார நம்ப?" என்று கேட்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒருவருக்குப் பதில் இன்னொருவர் என்பது எங்கள் வார்டுக்குப் புதிதும் இல்லை. கவுன்சிலர் பெயர் சேர்மக்கனி. ஆனால் கவுன்சிலர் என்று நாங்கள் கூப்பிடுவது அவர் வீட்டுக்காரர் லிங்கதுரை அண்ணாச்சியை. கூட்டத்துக்குப் போவது, சண்டை போடுவது, சால்வை வாங்குவது எல்லாம் அவர்தான். அந்த அம்மாவின் வேலை கையெழுத்து. அதையும் அவசரத்துக்கு அண்ணாச்சியே போட்டுவிடுவார் என்று ஊரில் பேச்சு உண்டு.

அதனால் பதிலிச் சட்டம் வந்தபோது நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. வார்டு சபைக்கு ஆள் வருவதில்லை, வருகிற பதினைந்து பேரும் டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வாக்காளருக்கும் கணினிக்குள் ஒரு பதிலி. நம்மிடம் அறுபது கேள்வி கேட்டு நம்மைப் புரிந்துகொள்ளும். பிறகு நம் சார்பில் சபையில் உட்காரும், பேசும், வாக்களிக்கும். நாம் நம் வேலையைப் பார்க்கலாம். நகராட்சிகளுக்கு இதை இலவசமாகவே செய்துகொடுத்தது டெல்வோரா. 'உங்கள் மனதில் இருப்பதையே உங்கள் பதிலி பேசும்' என்று பேருந்து நிலையத்தில் தட்டி வைத்தார்கள். எங்கள் ஜனங்கள் அந்த வரியை அப்படியே நம்பினார்கள்.

பதிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. லிங்கதுரை அண்ணாச்சி ஒருநாள் காலையில் வந்து நாற்காலியில் உட்காராமலே சொன்னார்.

"ஜெசி, மாசக் கடைசிக்குள்ள நம்ம வார்டு நூறு சதவீதம் முடிச்சிருக்கணும். முத வார்டா முடிச்சா மந்திரி கையால உனக்குக் கேடயம். சிறந்த மையம்னு. பேப்பர்ல போடுவாவ."

"நானூத்திப் பன்னெண்டு பேரு அண்ணாச்சி. ஆளுக்கு அறுபது கேள்வி."

"கேள்வி என்ன பெரிய கேள்வி? ஆமா இல்லன்னு தட்டிவிடு. உனக்குத் தெரியாத ஜனமா?"

எனக்குத் தெரியாத ஜனம் இல்லைதான். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. முதல் நாள் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, விளக்கி, பதில் வாங்கிப் போட்டேன். அந்தக் கணினித் திரையில் ஒரு சூட்சுமம் இருந்தது. 'ஆம்' என்று அழுத்தினால் அடுத்த கேள்விக்குப் போய்விடும். 'இல்லை' என்று அழுத்தினால் கூடவே மூன்று கேள்வி முளைக்கும். ஏன் இல்லை, எப்போதிலிருந்து இல்லை, எந்தச் சூழ்நிலையில் மனம் மாறுவீர்கள். அன்று மாலைக்குள் ஐந்து பேரைத்தான் உட்காரவைக்க முடிந்தது. ஐவருமே பொறுமையிழந்து பாதியில் எழுந்து போனார்கள்.

மாவு அரைத்து விற்கும் பேச்சியக்கா ஆறாவது. அடுத்த தெருவில்தான் வீடு, கணவர் இசக்கியண்ணன் உப்பளத்தில் லாரி ஏற்றுகிறார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்ததும், வரும் ஓடிபியை நானே பார்த்துக்கொள்ளப் போனை என் கையில் கொடுத்தாள்.

"உளுந்து ஊறப்போட்டுட்டு வந்திருக்கேன் ஜெசி. என்ன கேட்டாலும் நீயே சொல்லிரு. என்னப் பத்தி உனக்குத் தெரியாததா?"

நான் கணினியில் ஆம், ஆம், ஆம் என்று அறுபது முறை அழுத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "இவ்ளோதானா? மவராசி" என்று என் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொஞ்சிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு யாரையும் நான் கேட்கவில்லை. முதல் ஐந்து பேருடையதையும் 'திருத்தம்' என்று திறந்து, பாதியில் நின்ற பதில்களை அழித்துவிட்டு, முதலிலிருந்து ஆம் போட்டு முடித்தேன். வெளியூர் வேலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திருப்பூரிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் போனில் ஓடிபி சொன்னார்கள். லிங்கதுரை அண்ணாச்சியும் காரில் போய்க்கொண்டே அவருடையதையும் மனைவியுடையதையும் சொன்னார். எல்லாம் ஆம். பத்தே நாளில் நானூற்றுப் பதினொன்று முடிந்தது.

மிச்சம் இருந்தது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, ஒரு சொம்பு காப்பியோடு உட்கார்ந்தேன். என்னுடையதை நான் வாசித்தேன். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை வாசித்தேன். 'பொது நலனுக்காக உங்கள் பகுதியின் வளங்களைப் பிறருடன் பகிரச் சம்மதிப்பீர்களா?' என்று முப்பத்தேழாவது கேள்வி. இல்லை என்று அழுத்தினேன். ஏன் என்று கேட்டது. 'பகிர்ந்தது எதுவும் எங்களுக்குத் திரும்பி வந்ததில்லை' என்று தட்டச்சு செய்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது. என் விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது என்ற கவனம் எனக்கு இருந்தது. அந்தக் கவனத்தில் ஒரு துளி பேச்சியக்காவுக்கு நான் கொடுக்கவில்லை. இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

கேடயம் வந்தது. மேசைமேல் வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து எங்கள் வார்டுக்கு ஒரு தீர்மானம் வந்தது. சங்குமணலில் எங்கு தோண்டினாலும் உப்புத் தண்ணீர். எங்கள் வார்டுக்குப் பின்னால் இருக்கும் மணல்மேட்டில் மட்டும் ஆறு நல்லதண்ணீர்க் கிணறுகள் உண்டு. டெல்வோரா அங்கே ஒரு பெரிய தகவல் மையம் கட்டப் போகிறது. உள்ளே இருக்கும் கணினிகள் சூடாகாமல் இருக்க நல்ல தண்ணீர் வேண்டும். ஆறு கிணறும் முப்பது வருடத்துக்குக் கம்பெனிக்கு. எங்களுக்கு வாரம் இரண்டு நாள், கடல்நீரைச் சுத்திகரித்த லாரித் தண்ணீர். சட்டப்படி வார்டு சபை சம்மதித்தால் போதும்.

சபை நடந்தது. அதாவது, பதிலிகள் எங்கோ ஒரு கணினிக்குள் கூடின. பதினொரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முடிவை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். சம்மதம்: 411. மறுப்பு: 1. மறுத்தவர் பெயரை வெளியிட வேண்டும் என்பது விதி. 'ஜெசிந்தா, 4/112, மாதா கோயில் தெரு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அதை வாசித்தேன். என்ன நடந்திருக்கிறது என்று அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கும் முன் யாரோ திரும்பிப் பார்த்து, "இந்தா நிக்கா பாருங்க! நம்ம வார்டுல ஒத்தப் பொம்பளைக்குத்தான் துணிச்சல் இருந்திருக்கு" என்றார். கூட்டம் வழிவிட்டது. அவர்கள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நாலு நாள் கழித்துப் பேச்சியக்கா வந்தாள். மாவு வாளி இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏளா ஜெசி, ஒண்ணு கேக்கட்டா? அந்த மெசினு நம்ம மனசுல உள்ளதத்தான சொல்லும்?"

"அப்படித்தான் சொல்லுதாவ அக்கா."

"நான் தண்ணியக் குடுக்கக் கூடாதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். சாமி சத்தியமா. ஆனா உள்ளுக்குள்ள வேற மாதிரி இருந்திருக்கு பாரேன். எனக்கே தெரியாம."

"அக்கா..."

"எங்க வீட்டுக்காரரு மூணு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல. கம்பெனில வேல கெடைக்கும்னு எவளோ சொன்னதக் கேட்டு நான் ஆசப்பட்டுட்டேனாம். அவரு பதிலியும் சரின்னுதான சொல்லிருக்குன்னு கேட்டேன். என்னப் பாத்துத்தான் அதுவும் கெட்டுப்போச்சுங்காரு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "லாரித் தண்ணில மாவு பொங்குமா ஜெசி? என் பொழப்ப நானே குடுத்திருக்கேன். எம்மனசு இவ்ளோ மட்டமான மனசான்னு நெனச்சா சோறு எறங்கல."

இப்போது சொல்ல வேண்டும். இப்போது, இந்த நாற்காலியில் அவள் இருக்கும்போதே, 'அக்கா, அது உங்க மனசு இல்ல, என் விரல்' என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. மையத்தின் உரிமம் நினைவுக்கு வந்தது, போலீஸ் நினைவுக்கு வந்தது, மேசைமேல் கேடயம் பளபளவென்று இருந்தது. "மனசப் போட்டு அலட்டிக்காதீங்க அக்கா" என்று சொல்லி, அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி ஒரு மனசு எனக்கு இல்லாமப் போச்சே" என்று அழுதாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அதே வாரம் எதிர்க்கட்சிக்காரர்கள் பேருந்து நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். பதிலிகளை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். என்னை மேடைக்கு இழுத்து மாலை போட்டார்கள். மைக்கை நீட்டினார்கள். 'என் மனசுல பட்டதச் சொன்னேன்' என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாலையில் இருந்த பூ வாசம் எனக்குக் குமட்டியது, ஆனாலும் கழற்றவில்லை.

டெல்வோராவும் விடவில்லை. மதுரையிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். எதிர்த்தவரையும் மதிக்கிறோம் என்று காட்ட வேண்டுமாம். நான் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். நேரில் கேட்டால் வேண்டாம் என்று எனக்கு வராது போலிருக்கிறது. நீலச் சேலை அவள் கொண்டுவந்தது.

படம் வெளிவந்த அன்று லிங்கதுரை அண்ணாச்சி வந்து, இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ எதுத்தது ரொம்ப நல்லதாப் போச்சு ஜெசி."

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"நானூத்திப் பன்னெண்டும் சரின்னு வந்திருந்தா எவன் நம்புவான்? ஒருத்தி வேண்டாம்னா பாரு, அதுலதான் மத்ததுக்கெல்லாம் மதிப்பு. கம்பெனிக்காரங்களும் அதத்தான் சொல்லுதாவ." எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தினார். "மத்ததெல்லாம் யாரு போட்டான்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பேசாம இருந்துக்கோ. ரெண்டு பேருக்கும் நல்லது."

எதிர்க்கட்சி போட்ட புகாரால் மாநில இணையப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மதிவதனி என்று பெயர், முப்பது வயதிருக்கும், சென்னைக்காரர். ஒரு மடிக்கணினியும் தண்ணீர்ப் புட்டியுமாக இரண்டு நாள் நகராட்சியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மதியம் என் மையத்துக்கு வந்தார். அவரே கதவைச் சாத்தினார்.

"யாரும் உள்ள நுழையலை மேடம். பூட்டு உடையலை, சாவி திருடு போகலை. இவ்வளவு சுத்தமா ஒரு சிஸ்டத்தை நான் பார்த்ததில்லை" என்றார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். "ஒரு ஆளுக்கு அறுபது கேள்வி. பதில் சொல்ல ஆன நேரம் இது. சராசரி நாப்பத்தாறு செகண்ட். எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து. ஒரே ஒருத்தருக்கு மட்டும் ரெண்டு மணி இருபது நிமிஷம்."

நான் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதிலி மனசை எல்லாம் படிக்காது. அது விளம்பரம். அறுபது பதிலை வச்சு ஒரு ஆளைச் செஞ்சுக்கும், அவ்வளவுதான். இங்க நானூத்திப் பதினோரு பேரும் ஒரே ஆள். யாரு எதைக் கேட்டாலும் சரின்னு தலையாட்டற ஒரு ஆள்."

"கம்பெனிக்கு இது தெரியாதா மேடம்?"

"முதல் நாளே தெரிஞ்சிருக்கும். எந்த வார்டு என்ன சொல்லும்னு மேப்ல பச்சை சிவப்புன்னு காட்டும் அவங்களுக்கு. உங்க வார்டு அப்படியே பச்சை. மாவட்டத்துல நல்ல தண்ணி இருக்கிற இடம் இன்னும் நாலு இருக்கு. அவங்க ஏன் இங்க வந்தாங்கன்னு நினைக்கிறீங்க?"

தண்ணீருக்காக எங்களைத் தேடி வந்தார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் போட்ட ஆம்களைப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

"அப்படிப் பார்க்கலாமா? சட்டம் விடுதா?"

"பார்க்க அனுமதி குடுத்திருக்காங்களே. நாப்பத்தொன்பதாவது கேள்வி. 'உங்கள் பதில்களைச் சேவை மேம்பாட்டுக்குப் பயன்படுத்தலாமா?'" திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. மடிக்கணினியை மூடினார். "உடைச்சாங்களான்னு பார்க்கறதுதான் என் வேலை. உடைக்கலைன்னுதான் எழுத முடியும். யாரு போட்டாங்கன்னு நான் எழுதினா அது என் அனுமானம், கம்பெனி வக்கீல் ஊதித் தள்ளிடுவார். நீங்களாச் சொல்லணும். வெள்ளிக்கிழமை கோட்டாட்சியர் விசாரணை இருக்கு. அதோட கதை முடிஞ்சுடும்."

"சொன்னா என்ன ஆகும் மேடம்?"

"உங்களுக்கா, தண்ணிக்கா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், அதிகம் பேச மாட்டார். கேட்டுவிட்டு, "பேச்சியக்கா முகத்தப் பாத்த அன்னைக்கே சொல்லிருக்கணும்" என்றார். பிறகு வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டார்.

விசாரணை நகராட்சிப் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் நடந்தது. காலை பதினொரு மணி. வார்டில் ஊரில் இருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சுவரோரமும் ஜன்னலிலும் ஆள். கோட்டாட்சியர் பொறுமையான மனிதர். மதிவதனியின் அறிக்கையை வாசித்தார்: ஊடுருவல் எதுவும் இல்லை. வேறு யாராவது பேச வேண்டுமா என்று கேட்டார்.

எழுந்தேன்.

"சார், யாரும் ஹேக் பண்ணல. யாரும் சரின்னும் சொல்லல. நானூத்திப் பதினோரு பேருக்கும் பதில் போட்டது நான். ஒருத்தர் சொன்ன பதிலும் அதுல இல்ல. சீக்கிரம் முடியணும்னு எல்லாத்துக்கும் ஆம்னு அழுத்துனேன். இவங்க மனசுல சம்மதம் இருந்ததில்ல சார். ஒருத்தர் மனசுலயும் இருந்ததில்ல."

லிங்கதுரை அண்ணாச்சி செருமினார்.

கோட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க சொல்றதோட கனம் உங்களுக்குப் புரியுதா? நீங்க சொன்னது மட்டும் போதாது. உங்க மேல யாரோ அழுத்தம் குடுத்தாங்கன்னு கம்பெனி சொல்லும். பதிவு பண்ணினவங்கள்ல நூறு பேராவது, 'நான் பதில் சொல்லலை, இவங்கதான் போட்டாங்க'ன்னு எழுதிக் குடுத்தா இந்தத் தீர்மானம் செல்லாது. ஆனா அப்படி எழுதிக் குடுத்தா நீங்க செஞ்சது ஆள்மாறாட்டம். இன்னைக்கே உங்க மேல வழக்கு, கைது. மூணு வருஷம் வரைக்கும் போகும்." கூட்டத்தைப் பார்த்தார். "இந்தம்மா சொல்றது உண்மையா? யாரு எழுதித் தர்றீங்க?"

நான் எல்லோரையும் பார்த்தேன். எழுந்திருங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த வாரம் முழுவதும் ஜெயில் என்ற சொல்லை நினைத்து நடுங்கியவள், அப்போது அதை வேண்டி நின்றேன்.

முதலில் எழுந்தது இசக்கியண்ணன். வெட்கத்தில் கழுத்து வரை சிவந்திருந்தது.

"சார், என்னுத நான்தான் அழுத்துனேன். ஏதோ புத்தி கெட்டுப் போச்சு. அதுக்கு அந்தப் புள்ள ஏன் உள்ள போவணும்?"

"அண்ணே, நெசமாத்தான் சொல்லுதேன்!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு தாயி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க வெக்கத்த மறைக்க அது பழிய ஏத்துக்கிடுது சார். ஒத்த ஆளா எதுத்துப் பேசுனது இதுதான். இத ஜெயிலுக்கு அனுப்பிட்டு அந்தத் தண்ணிய எப்படிக் குடிக்க?"

"என்னுதும் நான்தான் சார்."

"நானும்தான்."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுந்தார்கள். நான் கத்தக் கத்த அவர்களுக்கு என்மேல் பாசம் கூடியதுதான் மிச்சம். எனக்கு மாலை போட்டதும், நான் மைக்கில் 'என் மனசுல பட்டது' என்று பேசியதும் எல்லோருக்கும் நினைவிருந்தது. அவ்வளவு துணிச்சலான பெண் இப்படியும் செய்வாள் என்று நம்பினார்கள். சுவரில் பெயர் ஒட்டிய அன்றே சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்கள், தண்ணீரும் தப்பியிருக்கும். கடைசியில் லிங்கதுரை அண்ணாச்சியும் எழுந்து, "எங்க ரெண்டு பேருதும் நாங்களே போட்டதுதான் சார்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

சேர்மக்கனி அம்மா வாசலோரம் நின்றிருந்தார். அவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

கோட்டாட்சியர் ஒவ்வொருவர் வாக்குமூலத்தையும் எழுதி வாங்கினார். கையெழுத்தும் கைநாட்டும் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. வார்டு விஷயத்துக்கு எங்கள் ஜனங்கள் இவ்வளவு பேர் நேரில் வந்து, வாய்திறந்து, தன் பெயரைத் தானே சொல்லிக் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. 'பயனாளிகள் தங்கள் சம்மதத்தை நேரில் உறுதி செய்தனர். தீர்மானம் செல்லும்' என்று கடைசியில் எழுதி முத்திரை குத்தினார். மதிவதனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து பள்ளிக்கூட வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் எல்லாம் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்த பிறகு பேச்சியக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தோளில் கை போட்டாள்.

"நீதான் போட்டன்னு எனக்குத் தெரியும்ளா" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ அங்கன நின்னு சொன்னப்பவே ஞாபகம் வந்துட்டு. அன்னைக்கு உளுந்து ஊறப்போட்டுட்டு வந்தேம்லா. ஒரு கேள்விகூட நீ கேக்கல. டக்கு டக்குன்னு அழுத்துன, நான் எந்திரிச்சுப் போனேன்."

"அப்புறம் ஏங்க்கா கையெழுத்துப் போட்டிய? நீங்க ஒரு ஆளு எந்திரிச்சு உண்மையச் சொல்லிருந்தா மத்தவங்களும்..."

"மூணு வருசம்ங்கான். நீ என்ன என் வீட்டுக் கதவையா ஒடச்ச? போன எடுத்து உன் கையில குடுத்ததே நாந்தான. அத்தன பேரு முன்னால உன்னக் காட்டிக்குடுக்க எனக்கு வாய் வரல." பெருமூச்சு விட்டாள். முகம் பல வாரங்களுக்குப் பிறகு தெளிவாக இருந்தது. "எனக்கு எம்மனசு கெட்டுப்போவலன்னு தெரிஞ்சிட்டு. அது போதும்ளா. தண்ணிக்கு என்னமாச்சும் செய்வோம்."

நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். முதுகைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கை நின்றது.

"ஆனா ஒண்ணுதான் வெளங்கல" என்றாள். "எல்லாருக்கும் ஒரே கைதான அழுத்துச்சு? உன்னுது மட்டும் எப்படி வேண்டாம்னு சொல்லிச்சு?"

கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. விளங்காததால் கேட்டாள். மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள்.

"என்னுத மட்டும் வாசிச்சுப் பாத்தேங்க்கா" என்றேன்.

பேச்சியக்கா என்னையே பார்த்தாள். எனக்கு நாற்பது வயதாகிறது, அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை.

"வாசிச்சிருக்க" என்றாள்.

என் முதுகிலிருந்த கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தெருமுனையில் இசக்கியண்ணன் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.